சொல்லாமல் விட்ட விலை

(வேதாரண்யத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வேதாரண்யத்துக்கு வந்து பேசுகிறவர் உப்பில் தொடங்குவதுதான் முறை. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்துவந்து, இந்த மண்ணில் உப்பெடுத்துச் சிறைக்குப் போனார். அவர்கள் எதிர்த்தது கண்ணுக்குத் தெரிந்த ஒரு சட்டத்தை. வரி எவ்வளவு, வசூலிப்பவர் யார், மீறினால் என்ன தண்டனை என்பதெல்லாம் அச்சில் இருந்தது. நான் இன்று பேச வந்திருப்பது அச்சில் இல்லாத ஒன்றைப் பற்றி. இந்த வட்டாரத்தின் உப்பும் பூவும் மீனும் நெல்லும் கைமாறும்போது, ஒருவருக்குத் தெரிந்த சங்கதி இன்னொருவருக்குத் தெரியாமலே இருக்கிறது. தெரிந்தவர் வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார். அப்படி இருக்கலாமா? எப்போது இருக்கலாம், எப்போது கூடாது?

முல்லையை எடுத்துக்கொள்வோம். கருப்பம்புலம், ஆயக்காரன்புலம், ஆதனூர் பக்கம் முல்லைக் கொல்லை வைத்திருப்பவர்கள் பலர் இங்கே வந்திருக்கிறீர்கள். இருட்டோடு எழுந்து, நெற்றியில் டார்ச் விளக்கைக் கட்டிக்கொண்டு, அரும்பாக இருக்கும்போதே பறிக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் கடைக்குப் போய்ச் சேர வேண்டும். சாயங்காலம் அது மலர்ந்துவிடும்; மலர்ந்த பூ வெளியூர் போய்ச் சேராது. ஆகவே பேரம் பேச உங்களுக்கு இருப்பது சில மணி நேரம்தான்.

கடையில் பூவைக் கொட்டி எடை போடுகிறார்கள். சீட்டில் கிலோவும் கிராமும் ஏறுகிறது. விலை எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. வயதான ஒரு அம்மா கேட்கிறார்: "இன்னிக்கு என்ன வெல தம்பி?" பதில் வருகிறது: "இன்னும் வெல கட்டல பெரியம்மா, சாயங்காலம் பாத்துப் போட்டுடுறேன்." அந்த அம்மா சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ்ஸுக்கு நடக்கிறார். நான் எந்தக் கடையையும் மனத்தில் வைத்துக்கொண்டு இதைச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் பூ விளையும் பல ஊர்களில் இப்படித்தான் நடக்கிறது. பூ கை மாறிய பிறகு விலை தெரிகிறது.

அந்த நிமிடத்தில் கடைக்காரருக்கு என்னென்ன தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். நேற்று அனுப்பிய பூ எந்த ஊரில் என்ன விலைக்குப் போயிற்று என்று தெரியும். நாளை முகூர்த்தம், மறுநாள் எந்தக் கோயிலில் விசேஷம், எந்த ஊர் வியாபாரி எத்தனை கிலோ கேட்டுப் போன் செய்தார் என்று தெரியும். பெரியம்மாவுக்குத் தெரிந்தது தன் பூவின் எடை ஒன்றுதான். அதையும் கடைத் தராசுதான் சொல்கிறது.

இந்தக் கேள்வி மிகப் பழையது. கி.மு. 44-இல் ரோமாபுரியில் சிசரோ தன் மகனுக்காகக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் மூன்றாம் பகுதியில் ஒரு தானிய வியாபாரி வருகிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து அந்த வியாபாரி ஒரு கப்பல் தானியத்தோடு வந்து இறங்குகிறார். தனக்குப் பின்னால் இன்னும் பல தானியக் கப்பல்கள் வந்துகொண்டிருப்பதை அவர் கடலில் பார்த்திருக்கிறார். தீவு மக்களுக்கு அது தெரியாது. சொன்னால் விலை இறங்கும். சொல்லாமல் இருந்தால் கேட்ட விலை கிடைக்கும். ஞானிகள் இருவர் இதில் எதிரெதிராக நின்றார்கள் என்கிறார் சிசரோ. சரக்கில் குறை இருந்தால் சட்டம் சொல்லச் சொல்கிற அளவுக்குச் சொல்ல வேண்டும், மற்றபடி பொய் சொல்லாமல் நல்ல விலைக்கு விற்கலாம் என்றார் பாபிலோனின் டயோஜீனஸ். அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர், தெரிந்ததை எல்லாம் சொல்லியாக வேண்டும் என்றார். சிசரோ மாணவர் பக்கம் சாய்ந்தார்.

நானும் அந்த முடிவுக்குத்தான் வருகிறேன். ஆனால் எல்லா வியாபாரியும் எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்லியாக வேண்டும் என்ற காரணத்தால் அல்ல. அப்படி ஒரு விதி வைத்தால் கடலில் இறங்கி முதலில் வந்து சேர யாருக்கும் மனம் வராது. ரோட்ஸ் கதையில் எனக்கு உறுத்துவது வேறு. வாங்க நின்றவர்கள் பசியோடு நின்றார்கள். விலை அதிகம், நாளைக்குப் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுந்து போக அவர்களால் முடியாது. எழுந்து போக முடியாதவனிடம் ஒன்றை மறைப்பதும், எழுந்து போகக்கூடியவனிடம் மறைப்பதும் ஒன்றாகாது.

இதே கடற்கரையில் வடக்கே இருக்கிற காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் பாராட்டுகிறார். பிறர் பொருளையும் தம் பொருள்போல் எண்ணியவர்கள், வாங்கும்போது கூடுதலாக வாங்காதவர்கள், கொடுக்கும்போது குறைக்காதவர்கள், வெளிப்படையாகச் சொல்லி விற்றவர்கள் என்று அவர்களுக்குப் பெயர். அங்கே எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள் என்று நான் நம்பவில்லை. பாட்டில் வருகிறவர்கள் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள். ஆனால் நல்ல வணிகருக்கு அடையாளம் எதுவென்று கேட்டபோது, அந்தக் காலத்துக் கவிஞருக்குச் செல்வமோ கப்பலோ மட்டும் போதவில்லை. அதை நான் மதிக்கிறேன்.

இப்போது ஒரு புகையிலை வழக்கு. இந்தப் பகுதிக்குப் புகையிலை புதிதல்ல, ஆகவே கதை உங்களுக்குப் புரியும். 1815-இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகம். பிரிட்டனோடு போர் நடந்துகொண்டிருந்ததால் கப்பல் போக்குவரத்து முடங்கி, புகையிலை விலை படுத்துக் கிடந்தது. உண்மையில் 1814 டிசம்பர் 24 அன்றே கெண்ட் நகரில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாகிவிட்டது. கடல் தாண்டிச் செய்தி வந்து சேரத்தான் அத்தனை நாள். பிப்ரவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொழுது விடிந்த கையோடு, ஆர்கன் என்ற வியாபாரி லெயிட்லா கம்பெனிக்காரரிடம் போய் 111 பெரிய பீப்பாய்ப் புகையிலைக்கு விலை பேசி முடித்தார். சமாதானச் செய்தி அவர் காதுக்கு எட்டிவிட்டது. விற்பவர் காதுக்கு எட்டவில்லை. சரக்கின் விலையைக் கூட்டுகிற சேதி ஏதாவது உண்டா என்று விற்பவர் கேட்டும் இருக்கிறார். அன்று காலையிலேயே துண்டறிக்கை வெளியாகி ஊருக்கெல்லாம் தெரிந்தது. புகையிலை விலை 30 முதல் 50 சதவீதம் வரை ஏறிவிட்டது.

வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1817-இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் சொன்னது இது: வாங்குபவர் தனக்குத் தெரிந்த வெளிச் செய்தியை விற்பவருக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல; ஆனால் ஏமாற்றும்படி எதையும் சொல்லவோ செய்யவோ கூடாது. ஏமாற்று இருந்ததா என்பதை ஜூரிகள் முடிவு செய்யட்டும் என்று வழக்கைத் திருப்பி அனுப்பினார். முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு இரண்டாம் பாதிதான் முக்கியம்.

நம்முடைய சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-ஆவது பிரிவு. வெறுமனே பேசாமல் இருப்பது மோசடி ஆகாது. பேச வேண்டிய கடமை இருக்கும்போது பேசாமல் இருந்தாலோ, பேசாமல் இருப்பதே பேசியதற்குச் சமமாக இருந்தாலோ அது மோசடி ஆகும் என்பது அதன் சாரம். விளக்க இந்தச் சட்டம் ஒரு குதிரையைக் கொண்டுவருகிறது. குறையுள்ள குதிரையை ஏலத்தில் விற்பவர் குறையைச் சொல்லாவிட்டால் அது மோசடி அல்ல. வாங்குபவர் அவருடைய மகள், இப்போதுதான் உரிய வயதை அடைந்தவள் என்றால், அந்த உறவே சொல்லும் கடமையைக் கொண்டுவந்துவிடுகிறது. குதிரையில் குறை இல்லை என்று நீங்கள் மறுக்காவிட்டால் அப்படியே எடுத்துக்கொள்வேன் என்று வாங்குபவர் சொல்லி, விற்பவர் வாய் மூடி நின்றால், அந்த வாய் மூடலே பேச்சு.

நான்காவது விளக்கம்தான் நம் ஊருக்கு நேராக வருவது. இரண்டு வியாபாரிகள் ஒப்பந்தம் செய்கிறார்கள். விலை மாறப்போகிறது என்ற தகவல் ஒருவருக்குத் தனியாகத் தெரியும். தெரிந்திருந்தால் மற்றவர் பின்வாங்கியிருப்பார். அதைச் சொல்லும் கட்டாயம் இல்லை என்கிறது சட்டம். ஏறக்குறைய நியூ ஆர்லியன்ஸ் கதைதான். அந்த விற்பவர் நம் சட்டத்தின் கீழ் வழக்காடியிருந்தால் நான்காவது விளக்கத்தால் தோற்றிருப்பார்; ஆனால் அவர் வாய்விட்டுக் கேட்டார் என்பதால் மூன்றாவது விளக்கத்தை வைத்து வாதாடியிருக்கலாம். கேட்காதவனுக்குச் சொல்லாமல் இருப்பது ஒன்று. கேட்டவனுக்கு முன்னால் மழுப்புவது வேறு.

பூக்கடையில் அந்த அம்மாவும் வாய்விட்டுத்தான் கேட்டார்.

பூக்கடைக்காரர் நண்பர்கள் சிலர் என்னிடம் இந்தச் சட்டத்தைச் சொல்லி வாதம் செய்ததுண்டு. "வியாபாரத்துல எல்லாத்தையும் சொல்லிக்கிட்டா நாங்க எப்படிப் பொழைக்கிறது?" என்பார்கள். அவர்களிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்று. பூவை நீங்கள் விலைக்கு வாங்குகிறீர்களா, கமிஷனுக்கு விற்றுத் தருகிறீர்களா? கமிஷனுக்குத்தான் என்கிறார்கள். அப்படியானால் நான்காவது விளக்கம் உங்களுக்கு உதவாது. அது எதிரெதிரே நிற்கும் இரண்டு வியாபாரிகளுக்கானது. கமிஷன் வாங்குகிறவர் எதிரே நிற்பவர் அல்ல. பூக்காரம்மா பக்கம் நிற்க வேண்டியவர். அவருக்கு ஏஜென்ட். அதே ஒப்பந்தச் சட்டத்தின் 213-ஆவது பிரிவு, கேட்டபோது ஏஜென்ட் முறையாகக் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது. முதலாளியின் சம்மதமில்லாமல், முக்கியமான விவரத்தை மறைத்துத் தன் கணக்கில் வியாபாரம் செய்தால், முதலாளி அந்த வியாபாரத்தையே ஏற்க மறுக்கலாம் என்கிறது 215. தனக்குத் தெரியாமல் ஏஜென்ட் தன் கணக்கில் பார்த்த ஆதாயத்தை முதலாளி கேட்டு வாங்கலாம் என்கிறது 216.

சட்டத்தின் கண்ணில் இங்கே முதலாளி யார்? முந்தானையில் சீட்டை முடிந்துகொண்டு போகிற அந்தப் பெரியம்மா. பூ விற்ற விலை அவருடையது. கடைக்காரருடையது அதில் கமிஷன் மட்டும். கிலோ 600-க்கு விற்ற பூவுக்கு 450 என்று சீட்டில் எழுதி, அந்த 450-இலும் கமிஷன் பிடித்தால், அதை வியாபாரத் திறமை என்று சொல்ல நான் தயாராக இல்லை. இந்தத் தொகைகள் உதாரணத்துக்குத்தான். ஆனால் கொல்லை வைத்திருப்பவர்கள் இப்படி ஒன்றைச் சந்தேகப்படாத ஊரை நான் பார்த்ததில்லை. அவர்கள் சந்தேகம் தவறாகவும் இருக்கலாம். அது தவறென்று காட்டும் வழி கடைக்காரர் கையில் இருக்கும்போது அவர் ஏன் காட்டுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

இப்போது உப்புக்கு வருகிறேன். அகஸ்தியன்பள்ளி, கோடியக்காடு, கடினல்வயல் பக்கம் சுமார் 9,000 ஏக்கரில் உப்பு விளைகிறது. தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்த இடம் நமக்குத்தான். ஒரு வியாபாரி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வானிலை அறிக்கையை நாள்தோறும் படிக்கிறார். தூத்துக்குடிக்குப் போன் போட்டு அங்கே பாத்தி நிலவரம் கேட்கிறார். அங்கே மழை பிடித்துவிட்டது, இன்னும் இரண்டு வாரத்தில் விலை ஏறும் என்று கணக்குப் போடுகிறார். இங்கே வந்து இன்றைய விலைக்கு நூறு டன் பேசி முடிக்கிறார். உப்பளக்காரரிடம் மழை விஷயத்தை எடுத்துச் சொல்லவில்லை.

இவரை நான் குறை சொல்ல மாட்டேன். உப்பளக்காரரிடமும் போன் இருக்கிறது. உப்பு அழுகாது. அம்பாரமாகக் குவித்துப் பனைமட்டை போட்டு மூடி வைத்தால் மழைக்காலத்தையும் தாண்டிக் கிடக்கும். விலை பிடிக்காவிட்டால் அவர் கொடுக்காமல் இருக்கலாம். வியாபாரி தன் உழைப்பால் ஒன்றைத் தெரிந்துகொண்டார், அதற்குக் கூலி எடுக்கிறார். தப்புக் கணக்குப் போட்டிருந்தால் நஷ்டமும் அவருக்குத்தான். இந்த மௌனத்தையும் தடுத்தால் யாரும் தூத்துக்குடிக்குப் போன் போடவே மாட்டார்கள். அப்புறம் அங்கே பற்றாக்குறை என்பது இங்கே விலையில் ஏறி வர நாளாகும்.

அதே உப்பளக்காரர், விளைச்சல் இல்லாத மழைக்காலத்தில் வீட்டுச் செலவுக்கு அந்த வியாபாரியிடமே முன்பணம் வாங்கியிருக்கிறார், சரக்கை அவருக்குத்தான் போட வேண்டும் என்று பேச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்பும் அதுதான், மழையும் அதுதான். ஆனால் இப்போது உப்பளக்காரரால் எழுந்து போக முடியாது. கையைக் கட்டிவிட்டு விலையை மறைப்பதாக ஆகிவிடுகிறது. தன் உழைப்பால் அறிந்ததைத் தன்னிடம் வைத்துக்கொள்ள வியாபாரிக்கு உரிமை உண்டு என்று நான் ஒப்புக்கொள்கிறேன். எதிரில் இருப்பவரைப் போகவிடாமல் நிறுத்தி வைத்துக்கொண்டு, அவரிடம் மறைக்கும் உரிமை யாருக்கும் கிடையாது. இன்று நான் இங்கே சொல்ல வந்தது இதுதான்.

மீனில் இந்த வித்தியாசம் இன்னும் கூர்மையாகத் தெரியும். கேரளத்தின் வடக்குக் கடற்கரையில் 1997-இலிருந்து 2001-க்குள் செல்போன் கோபுரங்கள் படிப்படியாக வந்தன. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியல் அறிஞர், போன் வருவதற்கு முன்னும் பின்னும் மத்தி விலை எப்படி இருந்தது என்று அங்கே ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார். 1997 ஜனவரி 14 அன்று காலை, வடகரையில் 11 மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் பிடித்த மீனைக் கொட்டிவிட்டுப் போனார்கள். அதே காலை, 15 கிலோமீட்டருக்குள் இருக்கிற சோம்பாலிலும் கொயிலாண்டியிலும் மீன் வாங்க வந்த 27 பேர் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பினார்கள். போன் வந்தபின், கடலில் இருந்தபடியே கரை விலையைக் கேட்டுப் படகைத் திருப்பினார்கள். மீனைக் கொட்டுவது நின்றது. மீனவரின் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. தகவல் தெரிந்ததால் இரண்டு பக்கமும் பயன்பட்டது.

அந்த ஆய்வை நான் பலமுறை மேடையில் சொல்லியிருக்கிறேன், மனத்துக்கு நிறைவு தருகிற ஆய்வு. ஆனால் பின்னால் கேரளக் கடற்கரைக்குப் போன வேறு ஆய்வாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். கடனில் கட்டுப்பட்ட மீனவர், எந்தக் கரையில் என்ன விலை என்று தெரிந்தாலும், கடன் கொடுத்தவர் இருக்கிற கரைக்குத்தான் திரும்புவார். கோடியக்கரைக்கு வந்து பாருங்கள். ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை வெளி மாவட்டங்களிலிருந்து வந்து குடிசை போட்டுத் தங்கி மீன் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வலைக்கும் டீசலுக்கும் முன்பணம் வாங்கியவருக்கு விலைப்பட்டியல் செல்போனில் இருந்து என்ன பயன்? ஆகவே, போன் வந்துவிட்டது, இனிமேல் யாரும் யாரிடமும் எதையும் மறைக்க முடியாது என்று சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. முன்பணம் கொடுத்தவர், இன்று நாகப்பட்டினத்தில் இந்த மீன் என்ன விலைக்குப் போனது என்று வாய்விட்டுச் சொல்லி, அதிலிருந்து தன் பங்கைக் கழித்துக் கணக்கு முடிக்க வேண்டும். கடன் கொடுத்த உபகாரத்துக்கு வட்டி உண்டு. விலையை மூடி வைக்கும் உரிமை அந்த வட்டியில் சேராது.

நெல்லில் விலை ரகசியம் இல்லை. அரசு அறிவிக்கிறது. 2025-26 பருவத்துக்குச் சாதாரண ரகம் குவிண்டால் 2,369 ரூபாய், மாநில ஊக்கத்தொகை 131 ரூபாய், ஆக 2,500 என்று எல்லோருக்கும் தெரியும். இங்கே மறைவது வேறு. நேரடி நெல் கொள்முதல் நிலையம் எந்தத் தேதியில் திறக்கும் என்பது சிலருக்கு முன்கூட்டித் தெரியும், பலருக்குத் தெரியாது. அறுத்த நெல்லைக் களத்தில் போட்டுவிட்டு மேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர், தேதி தெரியாமல், வந்த விலைக்குத் தனியாரிடம் தள்ளிவிடுகிறார். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற விதி எல்லோருக்கும் தெரியும். கருவியில் விழுந்த எண் என்னவென்று நெல் கொண்டுவந்தவர் தன் கண்ணால் பார்த்தாரா? எங்கே கொடுத்தாலும், கருவியைத் திருப்பிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அந்த எண் உங்களுடைய நெல்லைப் பற்றியது.

மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு விலை பேசுவதை இங்கே வயதானவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தரகர் ஒரு துண்டை விரித்து, அதற்குள் விற்பவர் கையைப் பிடித்து விரலால் விலை கேட்பார். பிறகு வாங்குபவர் பக்கம் போய், அதே துண்டுக்குள் அவர் விரலைப் பிடிப்பார். எந்த விரல் ஆயிரம், எந்த விரல் நூறு என்பது அவர்களுக்குள் கணக்கு. சுற்றி நிற்கிற கூட்டத்துக்கு எதுவும் தெரியாது. நாலு பேர் நடுவில் விலையைச் சொல்லிப் பிறகு இறங்கி வருவது மரியாதைக் குறைவு, கூட நிற்பவன் ஏற்றிவிடுவான், அதனால் இந்தத் துண்டு என்று நியாயம் சொல்வார்கள். ஊருக்கு மறைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் விற்பவர் விரல் சொன்னதை வாங்குபவர் அறியார், வாங்குபவர் விரல் சொன்னதை விற்பவர் அறியார். நடுவில் நிற்பவர் ஒருவருக்குத்தான் இரண்டும் தெரியும், தரகும் இரண்டு பக்கமும் வாங்குவார். பூக்கடையின் வெற்றுச் சீட்டுக்கும் அந்தத் துண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

சொல்லாமல் இருப்பது பெரிய மனிதர்கள் மட்டும் செய்கிற காரியம் இல்லை. எடை ஏறட்டும் என்று பூவில் தண்ணீர் தெளித்துக் கொண்டுபோகிறவர் நம் கொல்லைக்காரர்தான். உதைக்கிற மாட்டைக் கறவையில் அடக்கமானது என்று சொல்லாமல் சொல்லிச் சந்தைக்கு ஓட்டி வருகிறவரும் நம் ஊர்க்காரர்தான். ஜார்ஜ் ஏகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர், பழைய கார் சந்தையை வைத்து 1970-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். குறையை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார். அதனால் வாங்குபவர் எல்லாக் காருக்கும் குறைத்துத்தான் விலை சொல்வார். அந்த விலைக்கு நல்ல காரைக் கொடுக்க மனமில்லாமல் நல்ல காரை வைத்திருப்பவர் சந்தையை விட்டே விலகுவார். கடைசியில் மட்டமானது மட்டுமே மிஞ்சும். இதற்காகவும் இதையொட்டிய பணிக்காகவும் 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கட்டுரையில் அரிசியில் கல் பொறுக்குகிற இந்தியப் பெண்களும் வருகிறார்கள். கலர் பார்த்து, வடிவம் பார்த்து வேண்டுமென்றே கலந்த கல்லை அவர்கள் பொறுக்க வேண்டியிருக்கிறது என்று எழுதினார். கட்டுரை வெளியாவதற்கு முன் அவர் இந்தியாவில் தங்கியிருந்தவர். நம் அம்மாக்கள் முறத்தில் அரிசியைப் புடைத்துக் கல் பொறுக்கின அத்தனை மணி நேரமும், யாரோ ஒருவர் சொல்லாமல் விட்டதற்காகச் செலவானது. தண்ணீர் தெளிக்காத பூக்காரருக்கும் இதுதான் கதி. எல்லாப் பூவும் நனைந்த பூ என்று எண்ணிக் கடைக்காரர் எடையில் கழிக்கிறார். காய்ந்த பூ கொண்டுவந்தவருக்கும் அதே கழிவு.

இரண்டு பேருக்குள் எல்லாம் வெளிப்படையாக இருந்தும், பக்கத்தில் இருப்பவரிடம் மறைக்கிற வியாபாரமும் உண்டு. இறால் பண்ணைகள் வந்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நிலம் விற்றவருக்குப் பணம் வந்தது, வாங்கியவருக்குப் பண்ணை வந்தது. பண்ணைத் தண்ணீர் எங்கே போகும், அடுத்த கிணறு என்ன ஆகும் என்று அடுத்த வயல்காரரிடம் யாரும் சொல்லவில்லை. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11 அன்று வந்த தீர்ப்பு, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த மரபுசாரா இறால் பண்ணைகளை அகற்றச் சொன்னது. குடிநீரும் வயலும் உப்பாகிப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாசுபடுத்தியவர் ஈடு தர வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பு பின்னால் எப்படிச் செயல்பட்டது என்பது தனிப் பேச்சு.

சட்டம் யாருக்காகப் பேசுகிறது என்று பார்த்தால் மனம் வலிக்கிறது. நிலம் விற்றால், சாதாரணக் கவனத்தில் வாங்குபவருக்குத் தெரியவராத குறையைச் சொல்லியாக வேண்டும் என்கிறது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம். விதை விற்றால் மூட்டையில் முளைப்புத்திறன் எழுதியிருக்க வேண்டும் என்கிறது 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டம். கடையில் சோப்பு வாங்கினால் நுகர்வோர் சட்டம் துணைக்கு வருகிறது. மும்பையில் பங்கு வாங்குகிறவருக்குப் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு காவல் இருக்கிறது. கம்பெனிக்குள் இருப்பவர், வெளிவராத தகவலை வைத்துக்கொண்டு பங்கு வாங்கினால் குறைந்தது 10 லட்சம் ரூபாயிலிருந்து அபராதம் விழும். அது சரியான சட்டம். அவர் அந்தத் தகவலை உழைத்துத் தேடவில்லை, உட்கார்ந்த நாற்காலியால் அது அவருக்குக் கிடைத்தது என்பதே அதன் நியாயம். பூக்கடையில் உட்கார்ந்திருப்பவருக்கும் அந்த நாற்காலியால்தான் விலை தெரிகிறது. ஆனால் விளைந்ததை விற்கிற சிறு விவசாயி நுகர்வோர் அல்ல, முதலீட்டாளரும் அல்ல. அவர் பெயரைச் சொல்லிப் பேசுகிற சட்டம் எதுவும் அந்தக் கடைவாசலில் நிற்பதில்லை. நம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் விலை எழுதிப் போடுகிறார்கள், மறைமுக ஏலம் நடக்கிறது; நல்லது. விடிகாலையில் பறித்துச் சாயங்காலம் மலர்கிற பூவுக்கு அந்தக் கூடம் எட்டுவதில்லை.

இதற்குக் கமிஷன் கடைக்காரர்கள் சொல்லும் மறுமொழி எனக்குத் தெரியும், அதில் நியாயமும் உண்டு. காலையில் பூ வரும்போது அன்றைய விலை உண்மையிலேயே அவர்களுக்குத் தெரியாது. வெளியூரில் விற்ற பிறகுதான் தெரியும். தெரியாததை எப்படிச் சொல்ல?

தெரிந்ததைச் சொல்லலாம். நேற்று உங்கள் பூ எந்த ஊரில் என்ன விலைக்குப் போனது என்று கடைவாசலில் ஒரு கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். கமிஷன் நூற்றுக்கு எவ்வளவு, வண்டிக் கூலி எவ்வளவு, ஈரத்துக்குக் கழிவு எவ்வளவு என்று சீட்டிலேயே அச்சடித்துவிடுங்கள். விலைக் கட்டத்தைக் காலியாக விட வேண்டியிருந்தால் விடுங்கள், மறுநாள் அதை நிரப்பும்போது வெளியூர்க் கடை போட்ட பில்லின் நகலைச் சீட்டோடு சேர்த்துக் கொடுங்கள். இப்போது அந்தப் பில் செல்போனில் படமாகத்தான் வருகிறது. காகிதச் செலவுகூட இல்லை. கொல்லைக்காரர்கள் நீங்கள் தனித்தனியாகக் கேட்டால், நாளைக்கு உங்கள் பூவுக்கு இடமில்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம் இருக்கும். அந்தப் பயம் நியாயமானது. அதனால் ஊரோடு சேர்ந்து, ஒரே நாளில், எல்லாக் கடையிலும் கேளுங்கள். 213-ஆவது பிரிவை ஒரு தாளில் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். வரும் தை முகூர்த்தங்களுக்கு விலை ஏறுவதற்கு முன்னால் இதைச் செய்துவிட்டால், அந்த விலை யாருக்குப் போய்ச் சேர்கிறது என்று தை முடிவதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும்.